உயரம் தூக்குவதற்கு முன்னால்

(திருவேங்கடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய ஜீப்பை வீட்டில் வைத்துப் பராமரிப்பது, மாற்றியமைப்பது என்று இரண்டையும் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். பராமரிப்பைப் பற்றிப் பேசினால் பாதி நாற்காலி காலியாகிவிடும், மாற்றியமைப்பதைப் பற்றிப் பேசினால்தான் கூட்டம் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் முதலாவதைத்தான் அதிகம் பேசப் போகிறேன். ஒரு வண்டியில் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதை அதைப் பல வருஷம் துடைத்து, கிரீஸ் அடித்து, அதன் சத்தத்துக்குக் காது பழகினவன்தான் சொல்ல முடியும். மற்றவன் படத்தைப் பார்த்துச் செய்கிறான்.

இந்த வண்டி எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம், பின்னால் உதவும். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளிடம் ஒரு சிறிய நாலு சக்கர இயக்க வண்டி கேட்டது. மாதிரி வண்டி 49 நாளில் வந்து நிற்க வேண்டும் என்றது. பாண்டம் என்ற சின்னக் கம்பெனி செப்டம்பர் 23 அன்று கொண்டுவந்து நிறுத்தியது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் 1945க்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. 2,199 சி.சி. இன்ஜின், 60 குதிரைத் திறன், முன்னும் பின்னும் முழு அச்சு, பட்டை ஸ்பிரிங், 80 அங்குல வீல்பேஸ். மேலே மூடி மறைக்க ஒன்றுமே இல்லை. பானெட்டைத் திறந்தால் எல்லாப் பாகமும் கைக்கு எட்டும். போர்க்களத்தில் பெரிய படிப்பில்லாத ஒரு சிப்பாய், ஒரு பெட்டி ஸ்பேனரை வைத்துக்கொண்டு கழற்றிப் பூட்ட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். திருவேங்கடத்து வேப்பமரத்தடியில் இன்றைக்கும் இந்த வண்டிக்கு வேலை பார்க்க முடிகிறதென்றால் அதுதான் காரணம்.

வீட்டில் ஜீப்பைக் குடைகிறவர்களுக்குப் பெருமைப்பட ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ரோவர் கார் கம்பெனியின் பொறியியல் தலைவராக இருந்தவர் மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பக்கம் ஆங்கில்ஸி தீவில் அவருக்குத் தோட்டம் இருந்தது. போர் முடிந்து கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப்பைத் தோட்ட வேலைக்கு வைத்திருந்தார். அது தேய்ந்து போயிற்று, சாமானும் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. அப்படியானால் நாமே ஒன்று செய்துவிடுவோம் என்று 1947இல் இறங்கினார்கள். முதல் மாதிரி வண்டியை ஜீப்பின் சேசிஸ் மேலேயேதான் கட்டினார்கள். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வந்து நின்றது. எஃகு தட்டுப்பாடு என்பதால் பாடிக்கு அலுமினியத் தகடு போட்டார்கள். அந்தப் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்குக்குப் போக வேண்டும். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்ஃபூவுக்கு 31 கிலோமீட்டர் மலைப் பாதை. 1950களின் லேண்ட் ரோவர்கள் அந்தப் பாதையில் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு இந்த நூற்றாண்டிலும் ஓடின. அவற்றை ஓட்டியவர்களே பழுதும் பார்த்தார்கள்.

நம்மிடம் வந்தது மகிந்திரா வழியாக. 1945இல் எஃகு வியாபாரமாகத் தொடங்கிய கம்பெனி, 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்து மும்பையில் பூட்டத் தொடங்கியது. பிறகு இங்கேயே செய்தது. உயரமான பானெட் வைத்த சி.ஜே.3பி உங்களில் பலருக்கும் தெரியும். புது இன்ஜினில் இன்லெட் வால்வை ஹெட்டுக்குள் கொண்டுபோனார்கள், இன்ஜின் உயர்ந்தது, அதனால் பானெட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1968இல் நிறுத்திவிட்ட அந்த உருவம் இங்கே அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் ஓடியது. பெட்ரோல் விலை ஏறியபோது டிராக்டருக்குச் செய்துகொண்டிருந்த பி-275 வகை டீசல் இன்ஜினை எடுத்து ஜீப்பில் வைத்தார்கள். டிராக்டர் இன்ஜினை ஜீப்பில் ஏற்றியது ஏதோ கிராமத்து மெக்கானிக்கின் குறும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், கம்பெனியே செய்தது. 1980களில் பிரான்சின் பீஜோ இன்ஜின் வந்தது. எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், 2,112 சி.சி. 1985இல் வந்த எம்.எம்.540 வண்டியில் அதுதான். காலையில் ஹீட்டர் பிளக் சூடாவதற்குக் காத்திருந்து ஸ்டார்ட் செய்த தலைமுறை இங்கே உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பக்கத்தில் ஜீப் என்றால் முதலில் சர்க்கார் ஜீப்தான். 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு வட்டார வளர்ச்சி அதிகாரியான பி.டி.ஓ. என்றாலே ஜீப், ஜீப் என்றாலே பி.டி.ஓ. அப்புறம் போலீஸ், வனத்துறை, தேர்தல் நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய கட்சிக்காரர்கள். ஏலத்தில் கழிந்து வந்தவை பருத்தி மூட்டை ஏற்றவும் ஆடு ஏற்றவும் போயின. வடமேற்கே போடி, கம்பம் பக்கத்தில் விடியற்காலையில் ஏலத் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை தேயிலைத் தோட்டத்துக்கு இன்றும் ஜீப் மட்டும்தான் ஏறும். அந்த டிரைவர்கள் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அடியில் படுத்துப் பட்டை ஸ்பிரிங்கை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். உடைந்த பட்டையின் சத்தம் வேறு. அவர்களுடைய ஜீப்பில் அலங்கார விளக்கு இருக்கலாம், ஆனால் பிரேக்கில் விளையாட்டு இருக்காது.

இனி நம் ஊருக்கு வருவோம். மலை ஜீப்புக்குச் சொல்கிற வைத்தியம் எல்லாம் கரிசல் ஜீப்புக்குப் பொருந்தாது. நம் மண் வண்டியை மூன்று விதமாகத் தாக்குகிறது. கோடையில் தூசி, வருஷம் முழுக்க உப்புத் தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் சேறு. இதில் சேற்றைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுக்கலாம். வண்டியைக் கொல்வது தூசி.

உளுந்து, மக்காச்சோளம் அடிக்கும் களத்துப் பக்கம் ஒரு ஜீப் போய் வந்தால் அதன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பழைய ஜீப்பில் இருப்பது ஆயில் பாத் ஃபில்டர். உள்ளே போகிற காற்று கீழே இருக்கும் ஆயிலைத் தொட்டுத் திரும்பி மேலே கம்பி வலைக்குள் போகும். காற்று திரும்பிவிடும், கனமான தூசியால் திரும்ப முடியாது, ஆயிலில் விழுந்துவிடும். அவ்வளவுதான் தத்துவம். அதற்குக் காகித ஃபில்டர் போல மாதா மாதம் காசு வேண்டாம். ஆனால் கிண்ணத்தின் அடியில் சேறு கட்டினால் வேலை நின்றுவிடும். கிண்ணத்தைக் கழற்றி, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவி, கோடு போட்ட இடம் வரைக்கும் இன்ஜின் ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேலே ஊற்றாதீர்கள். டீசல் இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி எரிக்க ஆரம்பித்தால் சாவியை எடுத்தாலும் நிற்காது, சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே போகும். ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸில் ஒரு கீறல் இருந்தாலும் தூசி நேராக உள்ளே போகும். ரிங்கும் போரும் சேர்ந்து தேயும். கம்ப்ரஷன் போய், காலையில் ஸ்டார்ட் ஆகாது, புகை அடிக்கும். உடனே நம்மவர்கள் "இன்ஜின் போச்சு, பொலிரோ இன்ஜின் போட்டுரலாமா?" என்று கேட்கிறார்கள். ஒரு ரப்பர் ஹோஸ் மாற்றாததற்கு ஒரு இன்ஜினை மாற்றுகிறோம்.

அடுத்தது தண்ணீர். நம் போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை உங்கள் வீட்டுக் குழாய் வாயில் படிந்த வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். சூடாகச் சூடாக உப்பு பிரிந்து ரேடியேட்டர் குழாய்களிலும் இன்ஜின் பிளாக்கின் உள்பக்கத்திலும் படிகிறது. மேலே தொட்டால் தண்ணீர் இருக்கும், ஆனால் சூடு வெளியே போகாது. சித்திரையில் ஹெட் கேஸ்கட் அடித்துக்கொண்டு வரும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் கதை என்பது என் அனுபவம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பாட்டரிக்கு ஊற்றும் தண்ணீரை வாங்குங்கள். அதோடு கூலன்ட் சேருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டி சூடாகிறது என்று போனால் பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்கள். பட்டறை அண்ணாச்சிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது இல்லாமல் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த இன்ஜின் அதிகம் டீசல் குடிக்கும், அதிகம் தேயும். அடைப்பு ரேடியேட்டரில் இருக்கும்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வைத்தியம் ஆகாது.

சேற்றுக்கு வருவோம். மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டுக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும், செருப்பு அடிக்கு அடி கனத்துக்கொண்டே போகும், கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். டயருக்கும் அதேதான் நடக்கிறது. கரிசல் களிமண் தண்ணீர் குடித்தால் வீங்கும், ஒட்டும். டயரின் பட்டன்களுக்கு இடையில் புகுந்து அடைத்துக்கொண்டால் எவ்வளவு விலை உயர்ந்த டயரும் வழவழப்பான உருளைதான். அப்போது நாலு சக்கர இயக்கம் போட்டால் இரண்டு சக்கரம் வழுக்குவதற்குப் பதிலாக நாலும் வழுக்கும். அகலமான டயர் போட்டால் மிதந்து போய்விடலாம் என்று நினைக்கிறார்கள். அது மணலுக்கு. இங்கே குறுகலான 6.00-16 பட்டன் டயர் மேல் சேற்றை அறுத்துக்கொண்டு கீழே கடினத் தரையைத் தேடிப் பிடிக்கும். பட்டன்களுக்கு இடையே அகலமான வாய்க்கால் இருந்தால் சுற்றும்போது மண்ணை உதறும். நம் சம்சாரிகளுக்கு எதற்கும் பதம் தெரியும். பதம் வராத காட்டில் ஏரையே இறக்காதவர்கள், ஜீப்பை மட்டும் இறக்கிவிட்டு அப்புறம் டிராக்டரைக் கூப்பிடுகிறார்கள்.

நாலு சக்கர இயக்கத்தைப் பற்றி ஒன்று. இந்த வண்டிகளில் முன் அச்சையும் பின் அச்சையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுக்கமாகப் பூட்டிவிடுகிறது. வளைவில் முன் சக்கரம் அதிகத் தூரம் போக வேண்டும், பின் சக்கரம் குறைவாக. மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் சறுக்க முடியாது. முறுக்கு ஏறி லீவர் வெளியே வராது, ஜாயின்ட் உடையும். சங்கரன்கோவில் ரோட்டுக்கு ஏறியதும் எடுத்துவிடுங்கள். லீவர் வரவில்லை என்றால் சுத்தியலை எடுக்காதீர்கள், கொஞ்ச தூரம் ரிவர்ஸ் போங்கள், முறுக்கு இறங்கித் தானே வரும்.

சின்ன வயசுக்காரர்கள் அதிகம் சொல்லும் புகார், அறுபதில் போகும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிற மாதிரி ஆடுகிறது, வண்டியே நடுங்குகிறது என்பது. உடனே ஸ்டியரிங் டேம்பர் என்று ஒரு குழாயை வாங்கி மாட்டுகிறார்கள். ஆட்டம் ஒரு மாதம் அடங்கும். பழைய ஜீப்பின் முன் அச்சு முனையில் உருண்டையாக மூடிய நக்கிள் இருக்கிறதே, அதற்கு மேலும் கீழும் கிங் பின், பேரிங் இருக்கிறது. அது தேய்ந்தால் சக்கரம் ஆடும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் கையைக் கொடுத்து உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று சத்தம் வந்தால் முதலில் வீல் பேரிங், அது சரியென்றால் கிங் பின். அதற்குப் பேரிங்கும், மெல்லிய தகடாக ஷிம்மும் போட்டுச் சரியான இறுக்கம் வைக்க வேண்டும். டை ராட் எண்ட், நடுவில் இருக்கும் பெல் கிராங், ஸ்பிரிங் ஷாக்கிள் புஷ் இவற்றையும் பாருங்கள். எல்லாம் சரியான பிறகும் ஆடினால் டயரைப் பாருங்கள். டேம்பர் கடைசி. நோயைக் கண்டுபிடிக்காமல் வலியை மட்டும் மறைப்பதால் அது ஆபத்தான சாமானும்கூட.

அந்த நக்கிள் உருண்டைக்குள் கெட்டியான கிரீஸ் இருக்க வேண்டும். பல பேர் பின் அச்சுக்கு ஊற்றிய 90 ஆயில் மிச்சத்தை அதிலும் ஊற்றிவிடுகிறார்கள். பழைய சீல் அதைத் தாங்காது. ஒழுகி டயரில் வடிந்தால் பரவாயில்லை, பிரேக் டிரம்முக்குள் போனால் லைனிங் வழுக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆயில் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.5 ஆயில் நல்லது. கியர் பாக்ஸில் பித்தளைப் பாகங்கள் இருப்பதால் அங்கே ஜி.எல்.4 ஊற்றுங்கள்.

இப்போது உயிர் போகிற விஷயம். பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் அது பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்குகிறீர்கள். தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது, ஆகவே தரையில் இருக்கும் சக்கரமும் உருளலாம். ஷாஃப்ட் பிடிபட்டே இருக்கும், வண்டி நகர்ந்துகொண்டிருக்கும், நீங்கள் அடியில் படுத்திருப்பீர்கள். எனவே முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், நாலு சக்கர இயக்கத்தைப் போட்டு வையுங்கள், ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதைப் பூட்டுங்கள். ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது, அவை சொல்லாமல் பிளக்கும். வெல்டிங் வைப்பதற்கு முன்னால் பாட்டரி வயரைக் கழற்றுங்கள். வில்லிஸ் மாதிரி வண்டியில் பெட்ரோல் டாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதையும் வெல்டர் அண்ணாச்சிக்கு நினைவுபடுத்துங்கள்.

பழைய பிரேக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கே ஒரு குழாய் விட்டாலும் நாலும் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், உள்ளிருந்தே சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டர் போடுவதை நான் ஆதரிப்பேன். என் மனசுக்கு முதல் மாற்றம் என்றால் அதுதான். ஆனால் அதைப் போட்டுவிட்டு வந்து யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

"அண்ணாச்சி, வண்டிய நாலு இஞ்சு தூக்கிரலாமா?" என்று கேட்கும் தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். தூக்கலாம். எதற்கு என்று சொல். பாறையில் டிஃபரன்ஷியல் இடிக்கிறதா? ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் உயரும். டிஃபரன்ஷியல் அச்சோடு இருக்கிறது, அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அது ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 31 அங்குலம் போட்டால் உனக்குக் கிடைப்பது ஒன்றரை அங்குலம். அதற்கு நீ கொடுக்கும் விலையைக் கணக்குப் பார்ப்போம். டயர் சுமார் 11 சதம் பெரிசு. சி.ஜே.3பி வண்டியின் அச்சில் 5.38 என்று இருக்கும் கியர் விகிதம், இனி 4.86 மாதிரி நடந்துகொள்ளும். ஏற்றத்தில் இழுவை குறையும், கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஏற்றுவாய், பிளேட் தீயும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66க்கு மேல் போகும். பெரிய சக்கரத்தை நிறுத்த அதே 9 அங்குல டிரம் பிரேக்தான் இருக்கிறது.

உயரத்துக்கு இன்னொரு கணக்கு. இந்த வண்டியின் இரண்டு சக்கரத்துக்கும் இடையே அகலம் ஏறக்குறைய 48 அங்குலம், மிகக் குறுகல். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 24 அங்குலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் 45 டிகிரி சாய்ந்தால் கவிழும். நாலு அங்குலம் உயர்த்தினால் 40 டிகிரியை ஒட்டியே கவிழ்ந்துவிடும். இது நின்ற வண்டிக்குக் காகிதத்தில் போட்ட கணக்கு. ஓடும் வண்டியில், வளைவில், மேலே கேரியரில் சாமான் கட்டியிருந்தால் எங்கே கவிழும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை, போலீஸ் வந்து எழுதிவிடும். அதோடு உயர்த்திய வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடும், ஜாயின்ட் கிராஸ் சீக்கிரம் போகும், ஸ்டியரிங் டிராக் லிங்க் சாய்ந்து பள்ளத்தில் வண்டி தானாகத் திரும்பும், பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடும். ஒன்றைத் தொட்டால் அடுத்ததற்குச் சுமை போகும். தொட்டவன் அந்தச் சங்கிலியைக் கடைசி வரை தொடர வேண்டும். நம்மவர்கள் முதல் கண்ணியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

செய்யக் கூடிய நல்ல மாற்றங்களும் உண்டு. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவது. ஹெட்லைட்டுக்கு ரிலே வைப்பது. பழைய வண்டியில் முழுக் கரண்டும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக நீண்ட வயரில் சுற்றி வருவதால் விளக்குக்கு வந்து சேரும்போது வோல்டேஜ் குறைந்திருக்கும். ரிலே வைத்து பாட்டரியிலிருந்து நேர் வயர் இழுத்தால் அதே பல்பு பளிச்சென்று எரியும். சீட் பெல்ட், அதுவும் சேசிஸோடு பிடித்த நங்கூரத்தில். பின்னால் பிரதிபலிப்பான். தேய்ந்த ஷாக்கிள் புஷ்ஷை லேத்தில் பித்தளையில் கடைந்து போடுவது. தீப்பெட்டி எந்திரத்துக்கும் மில்லுக்கும் கடைந்து பழகிய கைகள் கோவில்பட்டியில் இருக்கின்றன, மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சட்டம் பேசாமல் இந்தத் தலைப்பை முடிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருப்பதற்கும் உற்பத்தியாளர் சொன்னதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் அதை அழுத்தமாகவே சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது. அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டும் புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லியாயிற்று. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நாற்பது வருஷத்து வண்டிக்கு நல்ல பிரேக் போடுகிறவனையும், கண்ணைப் பறிக்கும் விளக்கு மாட்டுகிறவனையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. ஆனாலும் வழி ஒன்றுதான். இன்ஜின் மாற்றுவதாக இருந்தால் மாற்றுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அனுமதி வந்தால் மாற்றி, ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் ஏற்றுங்கள். சொல்லாமல் மாற்றிய வண்டி ஒரு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இன்ஜின் நம்பரைத்தான் பார்ப்பார்.

15 வருஷம் ஆனதும் எஃப்.சி. காட்டி ஐந்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணம் 600லிருந்து 5,000 ஆயிற்று. 2025இல் 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 10,000 ஆக்கினார்கள். 10 வருஷ டீசல் வண்டியை ஓட்டக் கூடாது என்று சொன்னது டெல்லி வட்டாரத்துக்கு, நமக்கு இல்லை. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021இல் விண்டேஜ் பதிவு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஆனால் அந்தப் பதிவில் தினமும் காட்டுக்குப் போய் வர முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊர் இருக்கிறது, கழிந்த ராணுவ வண்டிகளையும் புதுத் தகடுகளையும் சேர்த்துத் திறந்த ஜீப் கட்டுவதில் பேர் போனது. அங்கே கைவேலை நன்றாகத்தான் இருக்கும். லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், இங்கே வந்து இறங்கியதும் பளபளக்கும். பெயின்டைப் பார்க்காதீர்கள். சேசிஸ் நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் படியுங்கள், ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், எழுத்தைச் சுற்றி வெல்டிங் அடையாளம் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். புதுப்பித்த ஜீப்பை நம்பி வாங்கி மாட்டிக்கொள்வது புதுசும் இல்லை. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948இல், லண்டன் வழியாக 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டு ராணுவத்துக்கு வாங்கிய ஜீப்புகளில் 155 வந்து இறங்கின, ஓட்ட லாயக்கில்லை என்று நாடாளுமன்றமே நாறியது. நாட்டுக்கு வந்தது நமக்கு வராதா?

நேரம் ஆகிவிட்டது. கேள்விகளை இங்கே உட்கார்ந்து கேட்க வேண்டாம். வெளியே ஒரு சி.ஜே.3பி.யின் முன் வலது சக்கரத்தைக் கழற்றி, நக்கிளைத் திறந்து வைத்திருக்கிறோம். கிங் பின் பேரிங் எப்படித் தேய்ந்திருக்கிறது, ஷிம் எங்கே உட்காருகிறது என்று கையால் தொட்டுப் பார்க்கலாம். வெள்ளை வேட்டிக்காரர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.